எழுபத்தைந்துக்குக் குறைந்தால்

ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்துவந்த ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘அரை மார்க்’. எழுபத்து நான்கரை என்றால் எழுபத்து நான்கரைதான். கெஞ்சினாலும் அழுதாலும் அந்த அரை அவர் கையிலிருந்து நகராது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கே அரை மார்க் குறைத்துப் போட்டுத்தான் சரி என்றிருப்பார் என்று பின்வரிசையில் ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கல்லூரியில் மதிப்பெண்கள் எல்லாம் இணையப் பதிவேட்டில்தான் ஏறும். மாணவருக்கு ஒரு வரி, தேர்வுக்கு ஒரு கட்டம். கட்டங்களை நிரப்பிவிட்டு ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினால் மாணவரின் போனிலும் பெற்றோரின் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். மற்ற ஆசிரியர்கள் இன்று நாளை என்று இழுத்தடிப்பார்கள். இவர் வெள்ளிக்கிழமை நான்கு மணி அடித்ததும் அழுத்திவிட்டுத்தான் பையை எடுப்பார். சனி ஞாயிறு வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசட்டும் என்பது அவர் எண்ணம்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நல்ல உயரம், நீண்ட கழுத்து. ‘கொக்கு’ என்று கூப்பிடுவார்கள். படிப்பில் நடுத்தரம். ஆனால் கை நிதானமான கை. எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டைதான் போடுவாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ரத்தம் எடுக்கும் செய்முறைத் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கையிலிருந்து மற்றவர் எடுக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். ஊசி குத்தவும் தெரிய வேண்டும், குத்திக்கொள்ளவும் தெரிய வேண்டும், இரண்டும் செய்தால்தான் மதிப்பெண் என்பது விதி. கொக்கு ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து எடுத்தாள். கூட இருந்தவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால் தன் முறை வந்தபோது கொக்கு சட்டைக் கையின் விளிம்பை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, முடியாது மிஸ் என்று மட்டும் சொன்னாள். காரணம் கேட்டதற்கும் அதையேதான் சொன்னாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியைக்கு முகம் சூடாகிவிட்டது.

அன்று நான்கு மணிக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் ஏறியது. பக்கத்தில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு குறிப்பும் எழுதி, வெளியிட்டார்.

திங்கட்கிழமை கொக்கு வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். கீழ் உதடு பிளந்து கறுத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். ஆசிரியை வகுப்புக்கு ஏதோ எழுத்து வேலை கொடுத்துவிட்டு, அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என்ன ஆச்சு என்று கேட்டார். விழுந்துட்டேன் என்றாள். எங்கே என்று கேட்டார். அலமாரியில் இருந்த பாட்டில்களைப் பார்த்தபடி அவள் தானாகவே சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள்.

ஆசிரியைக்கு ரத்தம் புதிதில்லை, காயமும் புதிதில்லை. ஆனாலும் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். கை முழுவதும் பட்டை பட்டையாகத் தடித்திருந்தது. பழைய மஞ்சளின் மேல் பச்சை, பச்சையின் மேல் புதுக் கருநீலம். சில இடங்களில் தோல் கிழிந்து சட்டை நூல் அதில் ஒட்டியிருந்தது. ஊசி குத்த ஒரு விரற்கடை இடம் இல்லை.

“எழுபத்தஞ்சுக்கு எத்தனை குறையுதோ அத்தனை அடி மிஸ்” என்றாள் கொக்கு. கடைக் கணக்கு சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள். “ஸீரோ போட்டீங்கல்ல. அதுக்கு எழுபத்தஞ்சு.”

பிறகு அவள் சொன்னதெல்லாம் இதுதான். தகப்பன் மரம் அறுக்கும் மில்லில் வேலை. அங்கே அறுந்துபோன இயந்திரப் பட்டையில் ஒரு முழத் துண்டு வீட்டில் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போனில் மணி அடித்தால் வேலைத்தலத்திலேயே பார்த்துவிடுவான். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு ஆரம்பிப்பான். அம்மா பக்கத்தில் நின்று சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை தடுமாறினால் மறுபடி ஒன்றிலிருந்து. இந்த முறை நாற்பது வந்ததும் கை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். மீதி முப்பத்தைந்தைச் சனிக்கிழமை காலையில் முடித்தான். தடுக்கப் போனதில் விரல் இரண்டும் மடங்கிவிட்டன.

“அரை குறைஞ்சா?” ஏன் அதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே ஆசிரியை கேட்டார்.

“அரையையும் ஒண்ணாத்தான் எடுத்துக்குவாரு.”

போலீசுக்குப் போகலாம் என்றதும் அவள் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போலீஸ் வந்ததாம். தகப்பன் வாசலில் நின்று அவர்களோடு சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு உள்ளே வந்து அம்மாவின் முன்பற்களை உடைத்தானாம். அப்படியானால் மதிப்பெண்ணை ஏற்றிப் போடுகிறேன் என்று ஆசிரியை சொன்னார். இருபது வருட வேலையில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. கொக்கு அதற்கும் தலையாட்டவில்லை. விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லித் தகப்பனே கூட்டிப் பார்ப்பான், பொய் என்று தெரிந்தால் அது வேறு கணக்கு என்றாள்.

அவள் போனபின் ஆசிரியை கம்ப்யூட்டரில் பதிவேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரான வரியைப் பார்த்தார். அந்த வருடம் பதினான்கு தேர்வுகள். எழுபத்தைந்தைத் தொட்டது ஐந்துதான். மீதி ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எழுபத்தைந்திலிருந்து கழித்து, அரையை ஒன்றாக்கிக் கூட்டினார். நூற்று முப்பத்தொன்று. ஒரு கட்டத்தில் எழுபத்து நான்கரை இருந்தது. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு விடையில் அலகு எழுதாமல் விட்டதற்காகக் கழித்த அரை. அன்று கொக்கு மேசையோரம் வந்து நின்று, அந்த அரையைத் தர முடியுமா மிஸ் என்று கேட்டாள். அரையை வெச்சு என்ன பண்ணப்போறே என்று இவர் சிரித்திருந்தார்.

பெற்றோர் எத்தனை முறை பதிவேட்டைப் பார்த்தார்கள் என்றும் அதில் தெரியும். மற்ற வீடுகளில் ஐந்து, பத்து. அந்த வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆசிரியை அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

துறைத்தலைவரிடம் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுவிட்டு, குடும்ப விஷயம், நாம் தலையைக் கொடுத்தால் நம் தலைதான் உருளும் என்றார். அடுத்த மாதம் மாணவர் நலக் குழு கூடும், அதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். அடுத்த மாதத்துக்குள் நான்கு வெள்ளிக்கிழமைகள் இருப்பதாக ஆசிரியை சொன்னார். அது துறைத்தலைவருக்குப் புரியவில்லை.

அங்கிருந்து நேராகப் பதிவு அறைக்குப் போனார். ஒரு மாணவியின் மதிப்பெண்ணை மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க வழி உண்டா என்று குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? அப்ப அந்தப் பொண்ணே ஒரு கையெழுத்துப் போட்டா அப்பா கணக்கு கட். ஒரு டிக்கை எடுத்துவிட்டாப் போதும் மேடம். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

கொக்குவுக்குப் பதினெட்டு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்தக் கையெழுத்து விஷயம் அவளுக்கும் தெரியாது, ஆசிரியைக்கும் தெரியாது. ஏழு மாதமாக ஒரு டிக் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது.

இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை காலை கொக்கு வரும்போதே மாற்றுத்துணி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, மதிய வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக அவள் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அம்மாவுக்கும் சித்தி மூலம் சொல்லியாயிற்று. அப்படியே வியாழன் பத்து மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாள், குமாஸ்தா டிக்கை எடுத்தார்.

அந்த டிக்கை எடுத்தால் பதிவேடு தானாகவே பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மரமில்லில் தகப்பனின் போனில் மணி அடித்தது. ‘உங்கள் மகளின் மதிப்பெண்களைப் பார்க்கும் அனுமதி நீக்கப்பட்டுள்ளது. விவரங்களுக்கு வகுப்பு ஆசிரியரை அணுகவும்’ என்று அதில் இருந்தது.

பதினொன்றே காலுக்கு அவன் பரிசோதனைக்கூட வாசலில் நின்றான். குட்டையான, ஒடிசலான ஆள். தலை படிய வாரியிருந்தது. புருவத்தில் மட்டும் மரத்தூள். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தான். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் நுண்ணோக்கிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு பின்னால் கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சோதனைக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, போன்ல என்னமோ வந்திருக்கு. எனக்கு விவரம் பத்தல. கொஞ்சம் திறந்து காட்டுங்க” என்றான்.

முடியாது, இனி உங்கள் மகள் சம்மதித்தால்தான் காட்ட முடியும் என்று ஆசிரியை சொன்னார். அவன் தலையாட்டினான். மேசையைச் சுற்றி நிதானமாக வந்தான். ஆசிரியையின் வலது கை பாதி திறந்திருந்த மேசை இழுப்பறையின் விளிம்பில் இருந்தது. அவன் காலைத் தூக்கி இழுப்பறையை ஒரே உதையாக உதைத்து மூடினான்.

மூன்று விரல்கள் முறிந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. ஆசிரியைக்குக் கத்த மூச்சு வரவில்லை. அவன் அவர் பின்னந்தலையில் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து முகத்தைக் கம்ப்யூட்டர் திரையில் மோதினான். திரைக்கண்ணாடி வெடித்தது.

“திற. அந்தக் கட்டத்தைத் திற.”

மறுபடி மோதினான். ஒரு பல் விசைப்பலகையில் விழுந்தது. மாணவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வாசலை நோக்கி ஓடினார்கள். ஒருத்தன் மட்டும் அவன் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். முழங்கையால் மூக்கில் இடி வாங்கி, ரத்தம் வழிய அவனும் வெளியே போனான்.

குழாய் நின்றது. கொக்கு ஈரக் கையோடு கழுவும் அறை வாசலில் நின்றாள்.

தகப்பன் ஆசிரியையை விட்டான். இடுப்பில் செருகியிருந்த பட்டைத் துண்டை உருவினான். கையோடு கொண்டுவந்திருந்தான். முதல் வீச்சு அவள் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது காதில். அவள் பழக்கத்தில் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினாள். ஆசிரியை தரையில் தவழ்ந்துபோய் அவன் காலை இடது கையால் கட்டிப் பிடித்தார். அவன் குனியாமலே மற்ற காலால் அவர் விலாவில் மிதித்தான். ஒருமுறை, இரண்டு முறை. மூன்றாவது மிதியில் உள்ளே ஏதோ ஒடிந்தது. அவர் பிடி விட்டுப்போனது.

அந்தச் சத்தத்தில்தான் கொக்கு திரும்பினாள். மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நுண்ணோக்கி. பழைய இரும்பு நுண்ணோக்கி, இரண்டு கையால் தூக்க வேண்டிய கனம். அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, அடிப்பாகம் முன்னால் வரும்படி அவன் தோளில் இறக்கினாள். காறை எலும்பு ஒடிந்து தோள் ஒரு பக்கம் தொங்கியது. பட்டை கையிலிருந்து விழுந்தது. அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். ஏய் என்றான். அவள் அடுத்ததை முழங்காலில் இறக்கினாள். அவன் மடங்கி விழுந்தான். மூன்றாவது அடி, தரையில் ஊன்றியிருந்த கையில்.

அவன் இப்போது அலறினான். கொக்கு அவன் தலைமாட்டில் போய் நின்று நுண்ணோக்கியை நெற்றிக்கு மேலே உயர்த்தினாள்.

“போதும்மா” என்றார் ஆசிரியை. வாய் முழுக்க ரத்தம் என்பதால் சொல் சரியாக வரவில்லை. “போதும். விடு.”

“மூணுதான் ஆயிருக்கு மிஸ்” என்றாள் கொக்கு. “எழுபத்தஞ்சு இருக்கு.”

எழுந்து நிற்கப் பலம் இல்லை. ஆனாலும் ஆசிரியை உருண்டு, அவன் தலைக்கும் அவள் கைகளுக்கும் நடுவில் தன் உடம்பைப் போட்டுக்கொண்டார். அந்த ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் துளிக்கூட இல்லை. பிற்பாடு அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தப் பெண் நான்காவதை இறக்கக் கூடாது, அவ்வளவுதான். கொக்கு குனிந்து ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நுண்ணோக்கியை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். வைத்துவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஆட்கள் ஓடிவந்தபோது மூன்று பேரும் தரையில்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் ஆசிரியையின் கட்டிலருகே ஒரு பெண் வந்து நின்றார். கொக்குவின் அம்மா. முன்பற்கள் இல்லாத வாயை முந்தானையால் மூடியிருந்தார். ஆசிரியையின் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அந்த அம்மா குனிந்து, கட்டுப்போட்ட முகத்தில் காயமில்லாத கன்னமாகப் பார்த்து ஓங்கி அறைந்தார்.

“நாலு மணிக்கு பட்டனைத் தட்டிட்டு நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க” என்றார். “நான் நின்னு எண்ணுவேன்.”

கணவர் பதறி எழுந்தார். ஆசிரியை இடது கையைக் காட்டி அவரைத் தடுத்தார். அறைந்த பெண் அதே கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இதைப் பற்றி ஆசிரியை யாரிடமும் புகார் சொல்லவில்லை. அந்த அடி தனக்கு வேண்டியதுதான் என்றோ வேண்டாதது என்றோ அவரால் முடிவுகட்டவும் முடியவில்லை.

போலீஸ் இரண்டு வழக்கு எழுதியது. ஒன்று தகப்பன்மேல். மற்றொன்று, தோளையும் முழங்காலையும் கையையும் உடைத்ததற்காகக் கொக்குமேல். துறைத்தலைவர் பழக் கூடையோடு வந்தார். நுண்ணோக்கி அலமாரியிலிருந்து தவறி விழுந்ததாக எழுதிவிட்டால் கல்லூரிக்கும் நல்லது, பெண்ணுக்கும் நல்லது என்றார். ஆசிரியை கூடையைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். வலது கை முழுக்க மாவுக்கட்டு. வீடு திரும்பியதும் இடது கையால் தட்டித் தட்டி, பதிவேட்டிலிருந்து கொக்குவின் வரியையும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் வெளியான நாளையும் நேரத்தையும் அச்செடுத்தார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற தன் குறிப்பையும் மறைக்காமல் சேர்த்தார்.

அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு கொக்குவின் வழக்கறிஞர், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் சீட்டுகளைத் தேடினார். ஐந்து கிடைத்தன. ஐந்தும் வெள்ளிக்கு அடுத்த சனி அல்லது ஞாயிறு. ஐந்திலும் ‘மாடிப்படியில் விழுந்தார்’ என்று எழுதியிருந்தது. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

நீதிமன்றத்தில் தகப்பனின் வழக்கறிஞர், அப்பா பிள்ளையை இரண்டு தட்டுத் தட்டுவது உலகத்தில் இல்லாததா என்று கேட்டார். நீதிபதி தாயைக் கூண்டில் ஏறச் சொன்னார். மொத்தம் எத்தனை அடி இருக்கும், உத்தேசமாகச் சொல்லுங்கள் போதும் என்றார். அந்த அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“நூத்தி முப்பத்தொண்ணு” என்றார். “இந்த வருஷம் மட்டும்.”

கொக்குமேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. தகப்பனுக்கு நான்கு வருடம். அழைத்துப்போகும்போது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தான். வாசலில் மகளைக் கடந்தபோது காவலரைத் தள்ளிவிட்டு அவள்மேல் பாய்ந்தான். உடையாத கை அவள் தொண்டையைப் பிடித்துவிட்டது. இரண்டு காவலர்கள் தடியால் அடித்துத்தான் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் கத்தவில்லை. அவன் விரல் பதிந்த கழுத்தைத் தடவியபடி, அவனை வண்டியில் ஏற்றும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அவள் அந்தக் கல்லூரிக்குத் திரும்பவில்லை. சான்றிதழ்களை வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டாள். ஆசிரியை மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனார். நடுவிரல் மடங்கவில்லை. எங்காவது இழுப்பறை மூடும் சத்தம் கேட்டால் கையை மார்போடு சேர்த்துக்கொள்வார். தன் வகுப்பில் பதினெட்டு முடிந்த எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டு, அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னார். அன்றே நான்கு பேர் போட்டார்கள். அந்த நாலு வீட்டுக்கும் அப்படி ஒரு செய்தி போகக் கூடாது என்று குமாஸ்தாவோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் அதை அணைப்பது என்று கண்டுபிடித்த பிறகுதான் டிக்கை எடுக்க விட்டார்.

மாற்றுச் சான்றிதழில் முத்திரை விடுபட்டுப்போய், அதை வாங்கக் கொக்குவின் அம்மா ஒருநாள் வந்தார். மகள் வரவில்லையா என்று ஆசிரியை கேட்டார். இந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைக்க மாட்டாள் என்றார் அம்மா. நன்றாக இருக்கிறாள், ஒரு பரிசோதனைக்கூடத்தில் காலை வேலைக்குப் போகிறாள், மதியம் படிக்கிறாள் என்றார். அவருக்குப் புதுப் பல் கட்டியிருந்தது, பேசும்போது வாயை மூடவில்லை. ஆசிரியை பேனாவை எடுத்துக்கொண்டு, தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைக் கேட்டார். ஏதாவது உதவி தேவைப்பட்டால் வந்து பார்க்கலாமே என்றார்.

அந்த அம்மா பேனாவைப் பார்த்தார்.

“அது வேணாம் டீச்சர். அவன் ஒருநாள் வெளிய வருவான். நீங்க நல்லவங்கதான், எனக்குத் தெரியும். ஆனா நீங்க எல்லாத்தையும் எழுதி வெக்கிறவங்க.”

சான்றிதழை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வர்றேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஆசிரியை வாசல் வரை கூடப் போனார். பேனாவை மூடி வெள்ளைக் கோட்டுப் பையில் செருகிவிட்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடித்ததும் உள்ளே போனார்.